டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம்: சாப்பாட்டைக் குறைப்பதா, கூட்டுவதா?

இண்டூர்_சாலை
ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 57 வயது. சர்க்கரை நோய் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது, இன்சுலின் போடுகிறார். டயாலிசிஸ் தொடங்கி ஒன்றரை வருடம். பென்னாகரம் பக்கத்து ஊரிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் முதல் பஸ்ஸில் தருமபுரி போய் வருகிறோம். செலவு காப்பீட்டு அட்டையில் போகிறது.

போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் சீட்டில் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று எழுதினார். கூட்டம் அதிகம், நின்று கேட்க முடியவில்லை. எண்கள் இவை. இடுப்புச் சுற்று 98 செ.மீ. டிரைகிளிசரைடு 260. நல்ல கொழுப்பு 31. டயாலிசிஸுக்கு முன் பிரஷர் 170/90, அதுவும் மூன்று வகை மாத்திரை போட்டுக்கொண்டே. வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, மூன்று மாதச் சர்க்கரை 5.9. டிரை வெயிட், அதாவது டயாலிசிஸில் மிகுதித் தண்ணீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, 64 கிலோ. உயரம் 165 செ.மீ.

சொந்தக்காரர்கள் எல்லாரும் 'தொப்பையைக் குறை' என்கிறார்கள். அப்பாவும் சாப்பாட்டை ஒடுக்கிக்கொண்டார். காலையில் ஒரு ராகிக் களி, மதியம் கொஞ்சம் சோறு, இரவு பட்டினி. முட்டையை நிறுத்திவிட்டார். 'கிட்னிக்காரனுக்குப் புரதம் ஆகாது' என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் கொடுத்த உணவுச் சீட்டு இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது.

நேற்று டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது இண்டூர் தாண்டியதும் பஸ்ஸிலேயே உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா ஒருவர் இறங்கி ஓடி இளநீர் வாங்கி வந்து கொடுத்தார். குடித்துப் பத்து நிமிடத்தில் தெளிந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சுகர் 74. அப்படியென்றால் பஸ்ஸில் எவ்வளவு இருந்திருக்கும்?

இன்னொன்று. அப்பா இடுப்பில் கட்டியிருக்கும் அரைஞாண் கயிறு சதையில் பதிந்து தடம் விழுகிறது. ஆனால் கையில் பல வருடமாகக் கிடக்கும் செம்புக் காப்பு இப்போது முழங்கை வரை சறுக்கிப் போகிறது. வயிறு பெருக்கிறது, கை சூம்புகிறது. இதில் எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்பெண்ணைக்கரை
ஞாயிறு, இரவு 10.20

தம்பி, காவேரிப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு டயாலிசிஸ் ஆறு வருடமாக நடக்கிறது. மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இளநீரை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மா செய்தது புண்ணியம், அதில் குறை இல்லை. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு இளநீர் ஆபத்து. 100 மில்லியில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம். சிறுநீரில் வெளியேற வழி இல்லாதவருக்கு அது நேரே இதயத்துடிப்பில் கை வைக்கும். பெரும்பாலான பழச்சாறும் அப்படித்தான்.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், பழைய மாத்திரைக் கவரில் மடித்தது. தலை சுற்றினால் அப்படியே வாயில் போட்டு இரண்டு மடக்குத் தண்ணீர். கால் மணி நேரம் பொறுத்துச் சுகர் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு பொட்டலம். வெறும் சர்க்கரையும் போதும். அப்புறம் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டாக வேண்டும். பேச்சே வராமல் மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். நாளைக்கே அப்பா பையில் இரண்டு பொட்டலம் வையுங்கள்.

ஊத்தங்கரை_வாத்தியார்
திங்கள், காலை 6.15

என் மனைவிக்கும் டயாலிசிஸ்தான். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. தொப்பை கரையக் கொள்ளு நல்லது என்று வாரத்தில் நான்கு நாள் கொள்ளுக் கடைசல் செய்கிறோம். நீங்களும் செய்து பாருங்கள்.

அரூர்_பொதுமருத்துவம்
திங்கள், மதியம் 2.40

வாத்தியார் ஐயா, அந்தப் பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன். டயாலிசிஸ் நோயாளியிடம் சிக்கலே அங்கேதான். இளைத்தவனும் கொழுத்தவனும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள். இண்டூர் தம்பி எழுதிய அரைஞாண் கயிறும் காப்பும் அதைத்தான் சொல்கின்றன. வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கிறது, கை காலில் தசை கரைகிறது. கொழுப்பைக் கரைக்கிறேன் என்று பட்டினி கிடந்தால் முதலில் போவது தசை.

கொள்ளில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம். வாரம் நான்கு நாள் கடைசல் என்றால், அம்மாவின் பொட்டாசியம் கடைசியாக எவ்வளவு இருந்தது என்று இன்றே சீட்டை எடுத்துப் பாருங்கள். இதை அவசரமாகவே சொல்கிறேன்.

இப்போது மெட்டபாலிக் சிண்ட்ரோம். அது தனி நோய் அல்ல, ஐந்து அடையாளங்களின் கூட்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இடுப்புச் சுற்று ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். டிரைகிளிசரைடு 150 அல்லது மேல். நல்ல கொழுப்பு ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50-க்குக் கீழ். பிரஷர் 130/85 அல்லது மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுப்பாட்டில் இருந்தாலும் அந்த அடையாளம் இருப்பதாகவே கணக்கு. ஐந்தில் மூன்று இருந்தால் இந்தப் பெயர். அப்பாவுக்கு ஐந்தும் இருக்கின்றன.

ஆனால் இந்த அளவுகோல் சிறுநீரகம் வேலை செய்கிறவர்களை வைத்து உருவானது. டயாலிசிஸில் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் வேறொரு காரணமும் ஒளிந்திருக்கும்.

டிரைகிளிசரைடை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ரத்தத்தில் உடைத்துத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அனுப்புவது லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி. சிறுநீரகம் பழுதானவர்களிடம் அது மந்தமாகிவிடும். அதனால் எண்ணெயே தொடாதவருக்கும் டிரைகிளிசரைடு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும். கெட்ட கொழுப்பு மட்டும் சாதாரணமாகத் தெரியும். 260-ஐப் பார்த்து 'திருட்டுத்தனமாகப் பலகாரம் தின்றாயா' என்று அப்பாவைத் திட்ட வேண்டாம்.

சர்க்கரையும் அதே கதை. யூரியா போன்ற கழிவுகள் தேங்கினால் தசை இன்சுலினுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாது. உடம்பில் அமிலம் சேர்வது, நாள்பட்ட அழற்சி, நடமாட்டம் குறைவது எல்லாம் அதில் சேர்ந்துகொள்ளும். அதே நேரம் போட்ட இன்சுலினை உடம்பிலிருந்து நீக்கும் வேலையில் கணிசமான பங்கு சிறுநீரகத்துடையது. அது நின்றால் இன்சுலின் நீண்ட நேரம் தங்கும். ஒரு பக்கம் எதிர்ப்பு, இன்னொரு பக்கம் தேக்கம். பஸ்ஸில் நடந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். காலையில் வழக்கமான இன்சுலின், வயிற்றில் பாதிச் சாப்பாடு, நான்கு மணி நேர டயாலிசிஸ். மூன்றும் சேர்ந்துவிட்டன.

பிரஷரையும் இடுப்பையும் பற்றி டயாலிசிஸ் டெக்னீஷியன் யாராவது எழுதினால் என்னைவிட நன்றாக எழுதுவார்.

மூன்றாம்_ஷிஃப்ட்
திங்கள், இரவு 11.30

நான் கிருஷ்ணகிரியில் டயாலிசிஸ் டெக்னீஷியன். இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். இழை முழுவதும் படித்தேன், காப்பு முழங்கை வரை போகிறது என்ற வரியில் நின்றுவிட்டேன்.

தம்பி, டிரை வெயிட் 64 என்று எப்போது குறித்தார்கள்? டயாலிசிஸ் தொடங்கிய புதிதில் என்றால், என் சந்தேகம் இது. அந்த 64-இல் அன்று தசை இருந்தது. இன்று மூன்று கிலோ தசை போயிருந்தால் உண்மையான டிரை வெயிட் 61 ஆக இருக்க வேண்டும். நாங்கள் பழைய 64-க்கே இறக்கி அனுப்பினால், போன தசையின் இடத்தில் மூன்று லிட்டர் தண்ணீரை உடம்பிலேயே விட்டு அனுப்புகிறோம் என்று பொருள். தராசு மாறாமல் இருக்கும், உள்ளே சரக்கு மாறியிருக்கும். மூன்று மாத்திரைக்கும் அடங்காத 170/90-க்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். எங்களிடம் வருகிறவர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் பார்க்கக்கூடிய அறிகுறிகள்: டயாலிசிஸ் முடிந்த பிறகும் கணுக்காலில் விரல் அழுத்தினால் குழி விழுகிறதா? படுத்தால் மூச்சு முட்டித் தலையணை இரண்டு வைக்கிறாரா? முடியும்போதும் பிரஷர் இறங்காமல் இருக்கிறதா? கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுப்பு, கொட்டாவி, பிரஷர் சரிவு வந்தால் அது எதிர்ப்பக்கம், தண்ணீர் அளவுக்கு மேல் எடுக்கிறோம் என்று அர்த்தம். இதையெல்லாம் குறித்துக்கொண்டு போய் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் 'டிரை வெயிட்டை மறுபடி பார்க்க முடியுமா' என்று கேளுங்கள். நீங்களாக எண்ணை மாற்றச் சொல்லாதீர்கள். மெதுவாக, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத்தான் இறக்குவார்கள்.

இடுப்பு அளவையும் டயாலிசிஸ் முடிந்த பிறகே எடுக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், தையல் டேப்பை இறுக்காமல். டயாலிசிஸுக்கு முன் தேங்கிய தண்ணீரோடு அளந்த 98 என்றால் அதைக் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிரஷரை ஃபிஸ்டுலா கையில் (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்திருக்கும் கை) பார்க்கவே கூடாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எவ்வளவு ஏறுகிறார்?

இண்டூர்_சாலை
செவ்வாய், அதிகாலை 4.50

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எழுதுகிறேன் அக்கா. சனி முடிந்து செவ்வாய் வரும்போது நான்கரை கிலோ ஏறியிருப்பார். தலையணை இரண்டுதான். கணுக்காலில் நேற்று இரவு அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்தது. டிரை வெயிட் தொடங்கியபோது போட்டதுதான், மாற்றவில்லை.

டாக்டர் சார், மூன்று மாதச் சர்க்கரை 5.9 என்பதால் சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றுதான் நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

மூன்றாம்_ஷிஃப்ட்
செவ்வாய், காலை 5.30

நான்கரை மிக அதிகம். மணிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 13 மில்லிக்கு மேல் தண்ணீர் எடுக்காமல் இருப்பது இதயத்துக்கு நல்லது என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. 64 கிலோவுக்கு நான்கு மணி நேரத்தில் அது சுமார் 3.3 லிட்டர்தான். மிச்சம் எங்கே போகும்? ஒன்று உடம்பிலேயே நிற்கும், இல்லாவிட்டால் வேகமாக எடுத்து ஆள் துவண்டுபோவார். இன்றைக்கே அங்கே இருக்கும் டாக்டரிடம் கணுக்காலைக் காட்டுங்கள்.

அரூர்_பொதுமருத்துவம்
செவ்வாய், மதியம் 1.15

அந்த 5.9-ஐ அப்படியே நம்ப முடியாது தம்பி. மூன்று மாதச் சர்க்கரை என்பது சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. டயாலிசிஸில் சிவப்பணுவின் ஆயுள் குறைகிறது. ரத்தம் ஊற எரித்ரோபாய்ட்டின் ஊசி போடுவதால் புதிய அணுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. புதிய அணுவில் சர்க்கரை ஒட்ட நேரம் ஏது? அதனால் எண் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இன்னொரு பக்கம், பஸ்ஸில் நடந்தது போன்ற சரிவுகளும் சராசரியை இழுத்துக் கீழே கொண்டுவரும். ஒரு நாள் 280, ஒரு நாள் 50 என்று ஆடுகிறவருக்கும் சீட்டில் அழகான எண் வரலாம்.

எனவே வீட்டுக் கருவியில் பாருங்கள். டயாலிசிஸ் நாளில் போவதற்கு முன், முடிந்தவுடன், இரவு படுக்கும் முன். மற்ற நாளில் காலை, இரவு. இரண்டு வாரம் நோட்டில் எழுதிக் காட்டினால் உங்கள் டாக்டர் இன்சுலினைச் சரியாகத் திருத்துவார். டயாலிசிஸ் நாளில் காலை அளவைக் குறைப்பது பெரும்பாலும் தேவைப்படும். ஆனால் எத்தனை யூனிட் என்று இங்கே யாரும் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்டு நடக்கக் கூடாது. வீட்டில் சர்க்கரை நோய்க்கான பழைய மாத்திரைகள் கிடந்தால் எடுத்துக் காட்டுங்கள். மெட்ஃபார்மின் இந்தக் கட்டத்தில் கூடாது. கிளிபென்கிளமைடு சர்க்கரையை ஆபத்தாக இறக்கிவிடும்.

சுகர் ஏறினால் தாகம் எடுக்கும், தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பார். சிறுநீர் போகாதவருக்கு அந்தத் தண்ணீர் முழுக்க எடையாகவும் பிரஷராகவும் நிற்கும். அந்த நான்கரை கிலோவில் உப்புக்கு ஒரு பங்கு என்றால் சர்க்கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

களி_கஞ்சி_கணக்கு
செவ்வாய், இரவு 8.10

தருமபுரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டை முதலில் கிழித்துவிடுங்கள். அது டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்துக்கு எழுதியது. அப்போது சிறுநீரகத்தின் பாரத்தைக் குறைக்கப் புரதத்தைக் குறைப்போம். டயாலிசிஸ் தொடங்கிய அன்றே கணக்கு தலைகீழாகிவிடும். ஒவ்வொரு முறையும் கழிவோடு சேர்ந்து அமினோ அமிலங்களும் வெளியேறும். அதனால் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அப்பாவின் 64 கிலோவுக்கு 64 முதல் 77 கிராம் வரும். இப்போது அவர் சாப்பிடும் களியிலும் சோற்றிலும் அதில் பாதிகூட வராது. காப்பு சறுக்குவது இதனால்தான்.

முட்டை வெள்ளைக்கரு நமக்குக் கிடைத்த வரம். ஒன்றில் சுமார் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. டயாலிசிஸ் நாளில் மூன்று வெள்ளைக்கரு கொண்டு போகச் சொல்லுங்கள். மிஷினில் இருக்கும்போது பிரஷர் இறங்கும் பழக்கம் உள்ளவர் என்றால் முடிந்த பிறகு சாப்பிடட்டும். கோழியும் மீனும் அளவாகக் கொடுக்கலாம். குழம்பைக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கக் கூடாது, பொட்டாசியம் குழம்பில்தான் இறங்கியிருக்கும்.

களி பற்றி எல்லோரும் கேட்பார்கள். நம் மாவட்டத்தில் களியை விடு என்று சொன்னால் அந்த மனிதர் சாப்பாட்டையே விட்டுவிடுவார், நான் அதை அனுபவத்தில் கண்டவள். ராகியில் கால்சியமும் நார்ச்சத்தும் உண்டு. ஆனால் தீட்டிய அரிசியோடு ஒப்பிட்டால் பொட்டாசியம் சுமார் நான்கு மடங்கு, பாஸ்பரஸும் இரு மடங்குக்கு மேல். தானியத்தில் இருக்கும் பாஸ்பரஸில் ஒரு பகுதிதான் உடம்பில் சேரும், பாக்கெட் தின்பண்டத்திலும் கறுப்பு நிற கோலா பானத்திலும் சேர்க்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். எனவே பொட்டாசியம் கட்டுக்குள் இருந்தால் ஒரு வேளை, கைப்பிடி அளவு உருண்டை ஒன்று, அதுவும் டாக்டரிடம் கேட்டபிறகு. களியிலும் தண்ணீர் இருக்கிறது, கூழோ முழுக்கத் தண்ணீர்தான். ஒரு சொம்புக் கூழைச் 'சாப்பாடு' என்று நினைத்துத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சட்னிக்கும் தக்காளிக் கடைசலுக்கும் பதிலாகக் கத்தரிக்காய், சுரைக்காய், பீர்க்கங்காய். காயைச் சின்னதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத் தாளியுங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை இறங்கினால் கூடை கூடையாக வீட்டுக்கு வரும். அந்த வாரங்களில் பொட்டாசியம் ஏறி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாம்பழம்: கிருஷ்ணகிரியில் பிறந்து மாம்பழமே கூடாது என்றால் யார் கேட்பார்கள்? சீசனில் டயாலிசிஸ் நாளன்று ஒரு கீற்று, சாப்பாட்டுக்குப் பிறகு, சர்க்கரை அன்று கட்டுக்குள் இருந்தால். முழுப் பழமும் மாம்பழக் கூழும் ஜூஸும் வேண்டாம், அதில் பொட்டாசியத்தோடு சர்க்கரையும் குவிந்திருக்கும்.

இரவுப் பட்டினியை இன்றே நிறுத்துங்கள். படுக்கும் முன் இரண்டு இட்லியாவது உள்ளே போக வேண்டும்.

பர்கூர்_நெசவு
செவ்வாய், இரவு 9.05

பிரஷர் அதிகம் என்றால் கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்கள், அதை வாங்கிப் போடலாமே?

தென்பெண்ணைக்கரை
செவ்வாய், இரவு 9.12

வேண்டவே வேண்டாம். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், பொட்டாசியம் குளோரைடு என்று எழுதியிருக்கும். சோடியத்தை எடுத்த இடத்தில் பொட்டாசியத்தைப் போட்டிருக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவருக்கு அது நல்லது, நமக்கு நஞ்சு. இந்துப்பும் பெரும்பாலும் சாதாரண உப்பின் அதே சோடியம் குளோரைடுதான். எங்கள் வீட்டில் சாதாரண உப்பையே நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குக் குறைவாக என் பங்குக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு கிடையாது. முதல் பத்து நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் நாக்கு பழகிவிட்டது, தாகமும் பாதியாகிவிட்டது.

ஓசூர்_நாலு_பை
புதன், காலை 10.30

எல்லோரும் மிஷின் டயாலிசிஸ் பற்றியே பேசுகிறீர்கள். நான் வயிற்று வழி டயாலிசிஸில் இருக்கிறேன், நாளுக்கு நான்கு பை திரவத்தை வயிற்றுக்குள் ஏற்றி வடிப்பேன். பை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பஸ் அலைச்சல் இல்லாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடிகிறது என்றால் அதற்கு அதுதான் காரணம்.

எங்களுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் வேறு வாசல் வழியாக வருகிறது. பையில் இருக்கும் திரவத்தில் தண்ணீரை இழுப்பதற்காகக் குளுக்கோஸ்தான் கலந்திருக்கும். 1.5 சதவீதப் பை இரண்டு லிட்டர் என்றால் அதில் 30 கிராம், 2.5 சதவீதத்தில் 50 கிராம், 4.25 சதவீதத்தில் 85 கிராம். அதில் பெரும்பகுதி வயிற்றுச் சவ்வு வழியாக ரத்தத்துக்குள் போய்விடும். ஒரு நாளில் 100 முதல் 200 கிராம் வரை உள்ளே போகலாம் என்று டாக்டர் சொன்னபோது ஆடிப்போனேன். நான் காபியில் சர்க்கரை போடாமல் இரண்டு வருடம் இருந்தவள். வயிறு வழியாக இருபது டீஸ்பூன் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

முதல் வருடத்தில் ஏழு கிலோ ஏறினேன். டிரைகிளிசரைடு 340. பிறகு புரிந்தது. உப்பு அதிகம் தின்றால் தாகம், தாகத்தில் தண்ணீர், அந்தத் தண்ணீரை இழுக்கக் கெட்டியான பை, கெட்டியான பையில் கூடுதல் சர்க்கரை. ஆக உப்பைக் குறைத்தால் சர்க்கரையும் குறைகிறது. இப்போது 4.25 பையை நான் தொட்டே மாதங்கள் ஆகின்றன. நீண்ட நேரம் வைக்கும் பைக்கு ஐகோடெக்ஸ்டிரின் என்று குளுக்கோஸ் இல்லாத வகை உண்டு. அதைப் போடுகிறவர்கள் தங்கள் சுகர் மெஷின் அதற்கு ஏற்றதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், சில பழைய வகை ஸ்ட்ரிப் சர்க்கரையை இல்லாத அளவுக்கு உயர்த்திக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

எங்களைப் போன்றவர்கள் இடுப்பை அளக்கும்போது வயிற்றுத் திரவத்தை வடித்துவிட்டு அளக்க வேண்டும், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊத்தங்கரை_வாத்தியார்
புதன், மாலை 5.40

அரூர் டாக்டர் ஐயாவுக்கு நன்றி. சீட்டைப் பார்த்தேன், பொட்டாசியம் 6.1. கொள்ளை நிறுத்திவிட்டோம், இன்று காலையே டாக்டரிடமும் காட்டிவிட்டோம்.

இரண்டு சந்தேகம். டயாலிசிஸில் குண்டாக இருப்பவர்கள்தான் அதிக நாள் இருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? இன்னொன்று, கொழுப்பு மாத்திரை போட்டால் இது எல்லாம் சரியாகிவிடாதா?

அரூர்_பொதுமருத்துவம்
புதன், இரவு 10.00

பொட்டாசியத்தைப் பார்த்தது பெரிய காரியம் ஐயா. அம்மாவை அடுத்த டயாலிசிஸுக்கு ஒரு நாள்கூடத் தவறவிடாதீர்கள்.

முதல் சந்தேகம். உடல் எடைக் குறியீடு அதிகமுள்ளவர்கள் மிஷின் டயாலிசிஸில் கூடுதல் காலம் இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. ஆனால் எடை என்பதில் தசை, கொழுப்பு, தண்ணீர் எல்லாம் சேர்ந்திருக்கிறது. இத்தாலியில் 2009-இல் வெளியான ஆய்வு இடுப்பைத் தனியாக அளந்தது. எடை ஒன்றாக இருந்தாலும் இடுப்பு பெருத்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். ஆகவே எடை கொஞ்சம் இருக்கட்டும், அது வயிற்றில் இல்லாமல் தொடையிலும் தோளிலும் இருக்கட்டும்.

இரண்டாவது, ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை. டயாலிசிஸுக்கு வராதவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. டயாலிசிஸில் புதிதாகத் தொடங்கினால் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் சர்க்கரையும் டயாலிசிஸும் உள்ள 1,255 பேரிடம் அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். 2009-இல் ரோசுவாஸ்டாட்டினை 2,776 பேரிடம் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு இறங்கியது, ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்த கணக்கில் தெளிவான வித்தியாசம் இல்லை. அதனால்தான் 2013-இன் சர்வதேச வழிகாட்டுதல், ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டு டயாலிசிஸுக்கு வந்தவர் தொடரலாம், வந்த பிறகு புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை என்கிறது. யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள். டிரைகிளிசரைடுக்கு என்று மருந்துக்கடையில் ஃபெனோஃபைப்ரேட் வாங்குவதும் கூடாது.

மாத்திரையைவிட நான் நம்புவது நடையை. டயாலிசிஸ் இல்லாத நாளில் காலை வெயில் ஏறும் முன் பத்து நிமிடம், பிறகு கூட்டிக்கொண்டு போகலாம். நடக்க முடியாதவர் நாற்காலியில் உட்கார்ந்து கைபிடிக்காமல் எழுவதைப் பத்து முறை செய்யட்டும். சாப்பிட்ட புரதம் தசையாக நிற்க வேண்டுமானால் அந்தத் தசைக்கு வேலை வேண்டும். பையில் குளுக்கோஸ் பொட்டலத்தோடு போக வேண்டும், நெஞ்சு வலித்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

இண்டூர்_சாலை
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.30

தாமதத்துக்கு மன்னியுங்கள். சொல்ல நிறைய இருக்கிறது.

அந்தச் செவ்வாய் கணுக்காலைக் காட்டியதும் டாக்டர் நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். நுரையீரலில் நீர்க்கோத்திருந்தது. ஒரு டயாலிசிஸ் கூடுதலாகக் கொடுத்தார்கள், பிறகு ஒவ்வொரு முறையும் அரைக் கிலோவுக்குள் இறக்கி, இப்போது டிரை வெயிட் 61.5. இரண்டு முறை கெண்டைக்கால் இழுத்தது, உடனே நிறுத்திப் பார்த்தார்கள். பிரஷர் இப்போது வரும்போது 140/80. ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அப்பா ஒரே தலையணையில் படுக்கிறார். அதை முதல் நாள் பார்த்தபோது அம்மா அழுதுவிட்டார்.

சுகர் நோட்டைக் காட்டினோம். டயாலிசிஸ் முடிந்து 62, 70, 58 என்று வந்திருந்தது, டயாலிசிஸ் இல்லாத நாள் இரவு 240, 265. டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு டயாலிசிஸ் நாள் காலை இன்சுலினைக் குறைத்தார், மற்ற நாள் மாலைக்குக் கொஞ்சம் மாற்றினார். பஸ்ஸில் நடந்தது அப்புறம் நடக்கவில்லை. பொட்டலம் சட்டைப் பையில் இருக்கிறது.

காலையில் ஒகேனக்கல் தண்ணீர்க் குழாயிலிருந்து அரை லிட்டர் பாட்டிலை அம்மா நிரப்பி வைக்கிறார். சிறுநீர் கொஞ்சம் போவதால் அதற்கு மேல் இன்னும் ஒரு டம்ளர் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை, காபி, எல்லாம் அதற்குள். செவ்வாய்க்கு இப்போது இரண்டே முக்கால் கிலோவோடு வருகிறார்.

களி மதியத்தில் ஒரு உருண்டை. முட்டைக்குத்தான் போராட்டம். வெள்ளைக்கரு வாசனை பிடிக்கவில்லை என்று ஒரு வாரம் தொடவில்லை. அம்மா மிளகு தட்டிப் போட்டு வெங்காயத்தோடு பொரித்துக் கொடுத்த பிறகு சாப்பிடுகிறார்.

நேற்று டயாலிசிஸ் முடிந்ததும் அங்கேயே டேப் வைத்து அளந்தேன். 95. டிரைகிளிசரைடு இன்னும் 235. காப்பு இன்னும் சறுக்குகிறது, ஆனால் முழங்கைக்கு நான்கு விரல் முன்னாலேயே நிற்கிறது.

மூன்றாம்_ஷிஃப்ட்
திங்கள், அதிகாலை 12.10

ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது இதைப் படித்தேன். ஒரே தலையணை என்ற வரியை இரண்டு முறை படித்தேன் தம்பி.

98-லிருந்து 95-க்கு வந்ததில் பெரும்பகுதி தண்ணீர், கொழுப்பு குறைந்துவிட்டது என்று இன்னும் நினைக்க வேண்டாம். இனி தசை ஏறினால் டிரை வெயிட்டை மேலே திருத்த வேண்டி வரும், அதையும் மறக்காமல் கேளுங்கள். எடை ஏறுகிறதே என்று அப்பா பயந்து மறுபடி இரவுப் பட்டினிக்குப் போய்விடக் கூடாது. மாதம் ஒரு முறை, அதே சனிக்கிழமை, அதே டேப். ஃபிஸ்டுலா இல்லாத கையில் புஜத்தின் நடுச் சுற்றளவையும் எடுத்துப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.

இண்டூர்_சாலை
திங்கள், அதிகாலை 4.35

சரி அக்கா. நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டுவிட்டேன், இடுப்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று.